இரண்டு வீட்டில் சொன்ன இரண்டு முடிவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒன்பது வருஷமாக யோசித்திருக்கிறேன். நோட்டு வாங்கினேன், பிள்ளையார் சுழி போட்டேன், மூடி வைத்துவிட்டேன். ஒருமுறை இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். என் வீட்டுக்காரி அதைப் படித்துவிட்டு, "உங்க மானத்த நீங்களே ஏலம் வுடுறீங்களா?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டேன். எட்டாவது வரை படித்தவன் நான். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். படவேட்டம்மன் துணை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. போன ஆடியில் என் மருமகன் மூன்று பாகமுள்ள ஒரு சரித்திர நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். அது முடிந்ததும், பறவைகள் ராஜாங்கம் நடத்தும் ஒரு மாயக் கதை. காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரைக்கும் நான் ஆரணியில் இருக்க மாட்டேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் வேலையாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். படிக்க மாட்டேன். இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். மருமகன் அதைக் கவனித்துவிட்டு, "இன்னா மாமா, பக்கத்த எண்ணிகினு கீறீங்க" என்று சிரித்தார். அவரிடம் சொல்ல வாய் வராததைத்தான் இங்கே எழுதுகிறேன். பாவு பிணைக்கும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இதைப் படித்தால் நல்லது.

கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வு

தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கு இழைக்கட்டு, நெய்து முடிந்ததும் அதை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிவிட முடியாது. பழைய பாவின் நுனி, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் அவற்றைப் பிரித்து நிறுத்தும் அச்சிலும் நுழைந்து நிற்கும். அந்த நுனி இழை ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழை ஒன்றைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலைச் சாம்பலில் தொட்டுக்கொண்டு, பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று, ஒரு முறுக்கு. பட்டு இழை தலைமுடியை விட மெல்லியது. விடிந்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை ஆகும். அகலப் பாவானால் மறுநாளும் போக வேண்டும்.

கண்ணும் விரலும்தான் இதில் கட்டுண்டு கிடக்கும். வாய் சும்மா இருக்கும். வீட்டுப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவார்கள், குறுக்கே ஓடும் நூலைக் குச்சியில் ஏற்றுவது அது. அவர்களும் சும்மா இருக்கப் பிடிக்காதவர்கள். அப்படித்தான் நான் படித்த நாவல்களைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு பாவில் மூன்று சேலை வரும். அது முடிந்து அடுத்த பாவு ஏறும்போதுதான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போவேன். போன தடவை விட்ட இடத்தைச் சின்னக் குழந்தையும் ஞாபகம் வைத்திருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அந்தக் கோட்டக் கதவு தெறந்துச்சா?" என்று கேட்பார்கள்.

எனக்கும் அது சுகம். ஓட்டில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் ஒரு பட்டையாக இறங்கிப் பாவின் மேல் விழும். பச்சைப் பட்டாக இருந்தால் எனக்கு அது கடல். இழைகள் மூச்சு விடுவதுபோல் லேசாக ஏறி இறங்கும். என் வாய் கப்பலைச் செலுத்திக்கொண்டு போகும். விரல் தன்பாட்டுக்கு முறுக்கிக்கொண்டே இருக்கும். பாதி நாள் நான் எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோகும்.

முதல் பக்கம் இல்லாத புத்தகம்

தொண்ணூறுகளின் பின்பாதியில் நடந்தது இது. பஜாரில் வாடகைக்குப் புத்தகம் தரும் ஒரு லைப்ரரி இருந்தது. அங்கே கிடைத்தது ஒரு தடித்த பைண்டிங். வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்து யாரோ கையாலேயே தைத்திருந்தார்கள். முதல் பக்கம் போயிருந்தது. கதைக்குப் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது.

ஒரு துறைமுகப் பட்டணம். அதன் படைத்தலைவன் கொற்றவேல். மாலுமித் தலைவரின் மகள் அலர்மேனி அவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். புயலில் கப்பல் திசை மாறி அவள் ஒரு தீவில் ஒதுங்குகிறாள். அந்தத் தீவில் கால் வைத்தவருக்கு நிழல் விழாது. நிழல் இல்லாதவரைக் கடல் ஏற்றுக்கொள்ளாது. மனமுவந்து யாராவது தன் நிழலைக் கொடுத்தால் அவள் போகலாம். கொடுத்தவர் அங்கேயே நிற்க வேண்டும். மூன்று போர் முடித்து, ஏழு கடல் அலைந்து, கொற்றவேல் ஒரு விடியற்காலையில் அந்தத் தீவின் கரைக்கு வந்து சேர்கிறான். பத்தடி தூரத்தில் அவள் நிற்கிறாள். சூரியன் இன்னும் எழவில்லை.

அந்தப் பக்கத்தின் அடியில் 'தொடரும்' என்று போட்டிருந்தது. அதற்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வெள்ளைத் தாள்கள். அட்டைக்குப் பலமாக இருக்கட்டும் என்று வைத்துத் தைத்திருக்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன். லைப்ரரிக்காரரைக் கேட்டேன். "அவ்ளோதாங்க வந்துச்சு. பாதி வாடகையா கேக்கறீங்க?" என்றார்.

நான் அப்போது செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். முடிவு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஐந்தாறு வீட்டில் இந்தக் கதை ஏற்கெனவே ஏறிவிட்டது. 'கதைப் பாவுக்காரர்' என்று எனக்குப் பெயரும் வந்துவிட்டது. எனக்குத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

டவுனில் ஒன்று

டவுனில் ராஜேஸ்வரியம்மா வீடு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வாய் கொஞ்சம் காரம், மனசு இளகியது. அழ வைத்தால்தான் அவருக்கு அது கதை. அந்த வீட்டில் நான் முடித்தது இப்படி: சூரியன் எழுந்தது, கொற்றவேல் தன் நிழலைக் கழற்றி அலர்மேனியின் காலடியில் விரித்தான், அவளைக் கப்பலேற்றினான், அவன் மட்டும் தீவில் நின்றான். அவள் தலை நரைக்கும்வரை தினமும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜேஸ்வரியம்மா தாரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "நம்ம வூட்டு ஆம்பளைங்கள்ல ஒருத்தனாச்சும் இப்டி செய்வானா?" என்றார். தறிக்குழியைப் பெருக்கிக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் நிமிராமலே, "என் நெழலயும் சேத்து தாரா சுத்திட்டுதான கீற நீ. இன்னும் இன்னாத்தக் குடுக்கறது?" என்றார்.

சேவூரில் ஒன்று

ஒரு மாதம் கழித்துச் சேவூரில் துரைசாமி வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவர் மகள் வசந்திக்குப் பேச்சு முடிந்திருந்தது. கூறைச் சேலையைத் தானே நெய்ய வேண்டும் என்று துரைசாமிக்கு ஆசை. அந்தப் பாவைத்தான் பிணைக்கப் போனேன். கூறைப் பாவானால் மஞ்சள் தடவி, சூடம் காட்டித்தான் உட்காருவோம். அது முடியும்வரை அந்த இடத்தில் சாவு, பிரிவு என்று ஒரு வார்த்தை வரக்கூடாது. அரக்குச் சிவப்புப் பாவு, கல்யாணப் பெண் எதிரே உட்கார்ந்து தார் சுற்றுகிறது. "பெரியப்பா, கொற்றவேல் கரைக்கு வந்துட்டான். அப்புறம்?" என்று கேட்கிறது. நான் என்ன சொல்வேன்?

சூரியன் எழுந்தது என்றேன். இரண்டு பேருக்கும் சேர்த்து மணலில் ஒரே நிழல் விழுந்தது என்றேன். அந்த ஒரு நிழலோடு இருவரும் கப்பலேறினார்கள். சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான் உண்மையான முடிவு போலிருக்கிறது, பகவான் என் வாயில் வைத்தார் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு பெரிய தப்பு. என் ஆசைக்கெல்லாம் பகவான் பெயரைப் போட்டுக்கொள்வது சுலபம்.

சம்பந்தம் எந்த ஊர் என்று கேட்டதற்கு, டவுனில்தான் என்றார் துரைசாமி. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

தட்டு மாற்றிய நாள்

நான் அங்கே இல்லை. வசந்தி பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரியம்மா. தட்டு மாற்றி முடிந்து, இலை போடும் முன், பெண்ணிடம் ஆசையாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். வசந்தி கதை கேட்கப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறது. பாவு பிணைக்க வருகிறவர் சொல்லும் கதை என்றதும் அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"நெழலு விழாத தீவா? எங்க வூட்டுக்கும் அவருதாம்மா. பாவம், கட்டசீல அவன் மட்டும் அங்கியே நின்னுட்டான் பாரு."

"இல்லீங்க அத்த. ரெண்டு பேரும் கப்பல் ஏறிட்டாங்க."

"நான் காதால கேட்டேன்மா."

"நானுந்தாங்க அத்த கேட்டேன்."

அதுவரை சிரிப்புதான். பக்கத்தில் இருந்த துரைசாமியின் அக்கா, "தட்டு மாத்துற எடத்துல பிரிஞ்ச கதைய எதுக்கு எடுக்கறாங்க? சகுனம் பாக்கறதில்லியா டவுன்ல?" என்று சொல்லிவிட்டார். ராஜேஸ்வரியம்மா எழுந்துவிட்டார். "கதையில இருக்கறதத்தான் சொன்னேன். அப்ப நான் பொய்யா சொல்றேன்? அந்தப் பாவுக்கார மாணிக்கத்தக் கூப்ட்டு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. அதுக்கப்புறம் மூர்த்தத்துக்குத் தேதி வெச்சிக்கலாம்" என்று இலையில் உட்காராமல் கிளம்பிவிட்டார். நிச்சயத்துக்கு வந்த சம்பந்தி கை நனைக்காமல் போனால் எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் துரைசாமி மொபெட்டில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். முகம் தூங்காத முகம். "அண்ணா, ஒண்ணும் பெரிசா வேணாம். சேவூர்ல சொன்னதுதான் நெசம்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. எங்க அக்கா வாய் ஜாஸ்தி, ஒத்துக்கறேன். ஆனா என் பொண்ணு பொய்க்காரின்னு பேரு வாங்கினு அந்த வூட்டுக்குப் போவக்கூடாது."

மதியம் ராஜேஸ்வரியம்மாவின் வீட்டுக்காரர் வந்தார். அவர் உட்காரவே இல்லை. "மாணிக்கம், நேத்துலேர்ந்து வூட்ல அடுப்பு எரியல. பேஜாரா கீது. எங்க வூட்ல நீ சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டு வந்துடுப்பா" என்றார்.

இரண்டு பேரிடமும் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். என் வீட்டுக்காரி யோசித்து ஒரு வழி சொன்னாள். "புக்குலயே ரெண்டு முடிவும் போட்டுருக்குன்னு சொல்லிட்டு ஜல்தியா வந்துடுங்க." நல்ல யோசனைதான். அந்த ஒரு பொய்யில் இரண்டு வீடும் பிழைத்துப் போகும், நானும் பிழைத்துப் போவேன். சூடத்தின் முன்னால் அதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் இடித்தது. உண்மையான முடிவு எங்காவது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று தோன்றியது.

கண்ணமங்கலம் போனது

லைப்ரரிக்காரர் பழைய பேப்பரோடு அந்தப் புத்தகத்தை எடை போட்டு வாங்கிய வீட்டைச் சொன்னார். கண்ணமங்கலத்தில் ஒரு டீச்சரம்மா வீடு. புத்தகத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வயல், நாற்று நட்ட தண்ணீரில் வானம். பஸ்ஸின் நிழல் தண்ணீர் மேல் கூடவே ஓடி வந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

டீச்சரம்மா பையிலிருந்து வந்த பைண்டிங்கைப் பார்த்ததும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முதுகுப் பக்கம் ஒட்டியிருந்த துணியைத் தடவி, "இது எங்க அம்மா பொடவ ஓரம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "முடிவு கெடச்சிடுச்சுங்களா?" என்று கேட்டார்.

அதைத்தான் நான் கேட்க வந்தேன் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"தாலுகா ஆபீஸ்ல வேல பாத்த எங்க நைனா தைச்சதுங்க இது. கத பாதியில அந்தப் பத்திரிக நின்னுபோச்சு. நைனா மூணு கார்டு போட்டாரு. பதிலே இல்ல. சாவற வரைக்கும் வேலூர் போனா பழைய புக்குக் கடையில தேடிகினுதான் வருவாரு. இந்த வெள்ளத் தாளு பாத்தீங்களா? முடிவு எங்கனா கெடச்சா ஒட்டிக்கலாம்னு எடம் வுட்டு தச்சாரு. நாங்க பசங்கல்லாம், 'நீயே ஒண்ணு எழுதிடேன் நைனா'ன்னு கேலி பண்ணுவோம். 'அது என்னுது இல்லியே'ன்னுவாரு. அவர் போனப்புறம் வீட்ட ஒழிக்கும்போது தெரியாம பேப்பரோட போயிடுச்சு."

பலத்துக்கு வைத்த தாள் என்று நான் நினைத்திருந்தேன். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த ஒரு மனுஷர், நாலு வார்த்தை எழுதத் தெரிந்தவர், பத்துத் தாளை வெறுமையாக வைத்துக் காத்திருக்கிறார். எட்டாவது படித்த நான் அந்த இடத்தில் ஒன்றுக்கு இரண்டாக நிரப்பியிருக்கிறேன். டீச்சரம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன். வேலை முடிந்ததும் புத்தகத்தை அவருக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். லைப்ரரிக்காரரிடம் பேசி வாங்கி, அப்படியே கொடுத்தும் விட்டேன்.

சூடம்

அம்மன் கோயில் மண்டபத்தில் இரண்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். தட்டில் சூடம் எரிந்தது. பூசாரி, "எது நெசமோ அதச் சொல்லுப்பா" என்றார்.

புத்தகத்தைத் திறந்து 'தொடரும்' என்ற இடத்தைக் காட்டினேன். வெள்ளைத் தாள்களைத் திருப்பிக் காட்டினேன். "இதுக்கு மேல கத இல்ல. டவுன்ல சொன்னதும் சேவூர்ல சொன்னதும் ரெண்டும் என் கைச்சரக்கு. அந்தம்மாவும் பொய் சொல்லல, பொண்ணும் பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்" என்று சூடத்தின் மேல் கை வைத்தேன்.

ராஜேஸ்வரியம்மா மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் அழுதது?"



துரைசாமி எப்போதும் அண்ணா என்பவர். அன்று, "என் பொண்ணு கூறப் பாவுல உக்காந்துகினு பொய் சொன்னியா நீ? எழைய எங்கெங்க மாத்திப் பிணச்சிருக்கியோ" என்றார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். பாவு பிணைக்கும்போது பழைய இழையில் ஒன்று அறுந்து காணாமல் போயிருந்தால், பக்கத்து இழையை இழுத்து அங்கே கட்டிவிடக் கூடாது. அந்த இடத்தை விட்டுவிட்டு, இங்கே ஒன்று இல்லை என்று தறிக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு பாவில்கூட நான் அதில் தவறியதில்லை. ஆனால் அதைச் சொல்ல அன்று எனக்கு வாய் ஏது?

ராஜேஸ்வரியம்மா எழுந்து துரைசாமியின் அக்கா கையைப் பிடித்தார். "வாங்க, எங்க வூட்ல சாப்புடலாம். ரெண்டு வூட்டையும் ஏமாத்தினது ஒரே ஆளு. நாம எதுக்கு மொறச்சிகினு நிக்கணும்?" என்றார். எல்லோரும் போனார்கள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு வேறு பக்கம் நடந்தேன்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. கூறைப் பாவைத் துரைசாமி இழை இழையாகப் பார்த்தாராம். தப்பு ஒன்றும் இல்லை என்று நெய்தாராம். ஆனாலும் இரண்டு வீட்டிலும் என்னைக் கூப்பிடவில்லை. கேள்விப்பட்ட வேறு சில வீடுகளும் நின்றுபோயின. வேலை கிடைத்த வீடுகளில் வாயைத் திறக்காமல் பிணைத்துவிட்டு வந்தேன். கிருத்திகை தவறாமல் மலைக் கோயிலுக்குப் போனேன். ரொம்ப நாள் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. பச்சைப் பட்டைப் பார்த்தாலும் அது வெறும் பட்டாகத்தான் தெரிந்தது.

வசந்தி கூப்பிட்டது

ஒன்றரை வருஷம் இருக்கும். ராஜேஸ்வரியம்மா வீட்டில் புதுப் பாவு ஏறியது. மருமகள் சொல்லி அனுப்பியதாக ஆள் வந்தது. போனேன். யாரும் பழையதைப் பேசவில்லை. குனிந்து உட்கார்ந்து சாம்பலைத் தொட்டு ஆரம்பித்தேன். வசந்தி எதிரில் ராட்டையோடு உட்கார்ந்தது. ராஜேஸ்வரியம்மா அடுப்படியில் இருந்தார்.

"பெரியப்பா, கத?"

"வேணாம்மா."

"அந்தத் தீவுக் கததான். முதல்லேர்ந்து சொல்லுங்க. எவ்ளோ இருக்குதோ அவ்ளோ போதும்."

சொன்னேன். துறைமுகம், புயல், மூன்று போர், ஏழு கடல். ஓட்டுக் கண்ணாடி வெயில் பாவின் மேல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. என்னையறியாமல் அது மறுபடியும் தண்ணீராகிவிட்டது. சாயங்காலம் கொற்றவேல் கரைக்கு வந்து சேர்ந்தான். பத்தடி தூரத்தில் அவள் நின்றாள். சூரியன் இன்னும் எழவில்லை.

"இதோட பத்திரிக நின்னுபோச்சும்மா" என்றேன்.

வசந்தியின் ராட்டை நின்றது. அடுப்படியிலிருந்து ராஜேஸ்வரியம்மா கேட்டார்.

"பொழுது விடியறதுக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீதாம் மாணிக்கம்?"

"போடலீங்கம்மா."

"சரி, அது வரைக்கும் நிக்கட்டும். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு தான நிக்கறாங்க. நீ காப்பி குடி."

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். இழை இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் பெயர் கெடும் என்று பயந்தேன். சொல்லாததால்தான் கெட்டது. அதன்பின் எந்த வீட்டில் எந்த நாவலைச் சொன்னாலும், எனக்கு மறந்த இடத்தை மறந்துவிட்டது என்றே சொல்லியிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இதைப் படித்த பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னைக் கொஞ்சம் நல்லவனாக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும், அது வேண்டாம். இரண்டு வீட்டில் இரண்டு விதமாகச் சொன்னேன், ஒரு அம்மாவைச் சும்மா அழ வைத்தேன், ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. இதையெல்லாம் உள்ளபடி சொல்லுங்கள். கதை எப்படி முடிந்தது என்று யாராவது உங்களைக் கேட்டால், ஒரு வார்த்தை கூட்டாமல், முடிவு தெரியாது என்று சொல்லுங்கள்.